புல்லுக்கு ஒரு விளம்பரம்

புருலாய்: இங்க வராது, இன்னும் மேல. அந்தக் கல்லு வரைக்கும் ஏறணும்.

உர்மத்: இதையேதான் நீ கீழ இருந்து சொல்லிட்டு வர்றே.

புருலாய்: பிஷ்கெக்ல லிஃப்ட்ல ஏறி இறங்கறவனுக்கு இது மலையாத்தான் தெரியும். எங்க ஆடுங்க இதை மேடுன்னுகூட மதிக்காது.

உர்மத்: ஆடு என்ன, மார்க்கெட்டிங் மாஸ்டர்ஸா படிக்குது? அதுக்கு மூச்சு மிச்சம் இருக்கு.

புருலாய்: வந்தாச்சு. உக்காரு... அங்க இல்லடா. அது என் கல்லு.

உர்மத்: மலை பூரா கல்லு கெடக்கு. இதுல உன் கல்லு, ஊரான் கல்லா?

புருலாய்: இதுல உக்காந்தாத்தான் சிக்னல். நாலு அடி தள்ளிப் போனா செத்துடும். பாரு, ரெண்டு கோடு... இந்த மேய்ச்சல்ல வேற எங்க தேடினாலும் கிடைக்காது. சரி, ஓரமா ஒட்டிக்கோ.

உர்மத்: ஏரி இவ்வளவு பெருசாவா இருக்கும்?

புருலாய்: மத்தியானத்துக்கு மேல மேகம் இறங்கி ஏரியோரம் படுத்துக்கும். எது எங்க வெள்ளைக் குதிரை, எது மேகம்னு சில நாள் எனக்கே தெரியாது. பேசாம பாத்துக்கிட்டே இருப்பேன்.

உர்மத்: ...எனக்கும் பேசணும்னு தோணல.

புருலாய்: அப்ப எதுக்கு இவ்வளவு தூரம் வந்தே?

உர்மத்: ரிப்போர்ட்டுக்கு. ஆய்வை அடுத்த வாரம் மேடம்கிட்ட ஒப்படைக்கணும், ரெண்டு பேர் பேரும் அதுல இருக்கு. நீ பாட்டுக்குக் கோடை பூரா இங்க வந்து மாடு கறந்துட்டிருக்கே.

புருலாய்: குதிரை. மாடு இல்ல, குதிரை. நீ எழுதின விளம்பரத்துலயே 'புளிச்ச குதிரைப்பால் கிடைக்கும்'னு இருக்கு... எப்படி வந்தே?

உர்மத்: வாடகைக் கார்ல.

புருலாய்: தனியாவா?

உர்மத்: ...டிரைவர் இருந்தாரு.

புருலாய்: பெரிய துணைதான். இந்தா, குருத் தின்னு. வாயில போட்டு ஊற வை, கடிச்சா பல்லு போயிடும்.

உர்மத்: தயிரைக் காய வச்சு கல்லாக்கறதுக்கு உங்க நாரின்காரங்களால மட்டும்தான் முடியும்... உன் காது ஏன் வெறுமையா இருக்கு? எப்பவும் ஒரு சின்ன நீலக்கல்லு போட்டிருப்பியே.

புருலாய்: கழட்டி வச்சிருக்கேன். குதிரைக்குட்டி பிடிச்சு இழுக்குது.

உர்மத்: ஓ...

புருலாய்: என்ன ஓ?

உர்மத்: ஒண்ணுமில்ல. உங்க அண்ணிக்கு உங்கம்மாதானே தோடு போட்டாங்க?

புருலாய்: பின்ன யாரு போடுவா? பையனோட அம்மா வந்து காதுல மாட்டி விட்டாத்தானே கல்யாணம் நிச்சயம். உங்க தலாஸ்ல மட்டும் என்ன, தோட்டுக்குப் பதிலா செருப்பா போடறாங்க?

உர்மத்: இல்ல இல்ல... எங்க ஊர்லயும் தோடுதான். சும்மா கேட்டேன்.

புருலாய்: சும்மா கேக்கறதுக்கு எதுக்குக் காது சிவக்குது? சரி, ரிப்போர்ட்டைத் திற.

உர்மத்: சுத்துது... சுத்திக்கிட்டே இருக்கு. ம், வந்துடுச்சு. முதல்ல உங்க அண்ணன் சுற்றுலாக்காரங்களுக்கு வாடகைக்கு விடற கூடார விளம்பரம். நல்லா போயிருக்கு. ஆகஸ்ட் வரைக்கும் ஒரு கூடாரம்கூடக் காலி இல்ல.

புருலாய்: அதான் இன்னொண்ணு கட்டறான். ஆனா அவனுக்கு உன்மேல ஒரு குறை. பாலிக்சி சந்தைக்குப் போனப்ப போன்ல நம்ம விளம்பரம் வந்துச்சாம். ஆசையா பட்டனை அமுக்கினானாம். அதோட காணோம். 'என் கூடாரத்தை எனக்கே காட்ட மாட்டேங்கறானே உன் சிநேகிதன்'னு புலம்பறான்.

உர்மத்: நான்தான் அப்படி வச்சிருக்கேன்னு சொல்ல வேண்டியதுதானே? ஒருத்தர் ஒரு தடவை அமுக்கிட்டா, அதுக்கப்புறம் அவங்களுக்குக் காட்டாது. பதில் சொன்னவங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டா எரிச்சல் வரும்.

புருலாய்: தெரியும், தெரியும். செமினார்ல நீ அரை மணி நேரம் அறுத்ததே அதைத்தான்... இது என்னடா, கீழ தனியா ஒரு வரி? மேடம் வரைவுலயே சிவப்பால வட்டம் போட்டிருக்காங்க.

உர்மத்: அதை விடு.

புருலாய்: 'சுற்றிலும் புல் மட்டுமே உள்ள ஒரு குன்றில் மட்டும் தெரிய எதற்குத் தனி விளம்பரம்? புல்லுக்கா காட்டினீர்கள்?' கூல்ஸாத் மேடம் இவ்வளவு நல்லா நக்கலடிப்பாங்கன்னு எனக்குத் தெரியாம போச்சே.

உர்மத்: மேப்ல குறி வைக்கறப்போ விரல் வழுக்கிடுச்சு. அவ்வளவுதான். நீக்கிட்டு ஒப்படைச்சிடலாம்.

புருலாய்: வழுக்கின விரல் நேரா வந்து என் கல்லு மேலயா விழுந்துச்சு?

உர்மத்: அது... உன் கல்லுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

புருலாய்: இரு, நீ அதை யாருக்குக் காட்டச் சொல்லியிருக்கேன்னு பாக்கறேன். பொண்ணு. இருபத்து மூணு, இருபத்து நாலு வயசு. பிடிச்சது... குதிரை. கொரியா நாடகம். டிஜிட்டல் மார்க்கெட்டிங். ஊறுகாய். ஊறுகாயாடா?

உர்மத்: நீதான் விடுதியில பாட்டிலோட உக்காந்து...

புருலாய்: நானா? விரல் வழுக்கிடுச்சுன்னுல்ல சொன்னே?

உர்மத்: போனைக் குடு.

புருலாய்: குதிரையும் ஊறுகாயும் பிடிச்சவ இந்த மலையில எத்தனை பேருன்னு நெனச்சே? எங்க அண்ணிக்கு முப்பது ஆகப்போகுது. அம்மா போன்ல டார்ச்சு மட்டும்தான் எரியும்.

உர்மத்: புருலாய், போதும்... விடேன். அது செத்துப்போன விளம்பரம். பார்வை நாளுக்கு நாள் ஏறிக்கிட்டே போச்சு, அமுக்கினது சுழியம். ஒருத்தர் அத்தனை தடவை பாத்தும் அமுக்கலைன்னா என்ன அர்த்தம்? நமக்கு முதல் பருவத்துலயே சொல்லிக் குடுத்தாங்களே.

புருலாய்: என்ன சொல்லிக் குடுத்தாங்க?

உர்மத்: வேண்டாம்னு அர்த்தம். மரியாதையா நிறுத்திட்டு ஒதுங்கிடணும். நிறுத்திட்டேன்.

புருலாய்: எப்போ?

உர்மத்: வெள்ளிக்கிழமை.

புருலாய்: ...ம்.

உர்மத்: அல்மாட்டி வேலைக்கு நீ இன்னைக்குள்ள பதில் சொல்லணும்னியே. சொல்லிட்டியா?

புருலாய்: நேத்தே. இதே கல்லுல உக்காந்து எழுதினேன். செப்டம்பர்ல சேர்றேன்னு.

உர்மத்: ...நல்லது. நல்ல வேலை. உன் மூளைக்கு அது கிடைச்சே ஆகணும். நிஜமாத்தான் சொல்றேன்.

புருலாய்: குரல் ஏன் கிணத்துக்குள்ள இருந்து வருது?

உர்மத்: குருத் தொண்டையில நிக்குது.

புருலாய்: தண்ணி குடி... அங்க பாரு, வெயில் சாயுது. இந்த நேரத்துக்குப் புல்லு ஒரு மாதிரி நீலமாயிடும். தெனமும் பாலைக் கறந்து ஊத்திட்டு இந்த நேரத்துக்குத்தான் ஏறி வருவேன்.

உர்மத்: தெரியும். இந்த நேரத்துக்குத்தான் எனக்கு உன் குட்மார்னிங் வரும்.

புருலாய்: உர்மத், ஒண்ணு யோசிச்சிருக்கியா? ஆள் இல்லாத நேரத்துல அந்த விளம்பரம் எங்க இருக்கும்?

உர்மத்: எங்கயும் இருக்காது. சர்வர்ல இருக்கும்.

புருலாய்: படிச்ச பதிலைச் சொல்லாதே. எனக்கு என்ன தோணும் தெரியுமா... அது இங்கயே காத்துல சுத்திக்கிட்டு இருக்கும். குதிரைங்க அதுக்கு நடுவுல புகுந்து போகும், அதுங்களுக்குத் தெரியாது. மழை பேஞ்சா நனையாம நிக்கும். யாராவது ஒருத்தி ஏறி வரமாட்டாளான்னு. கூடாரத்துல படுத்துக்கிட்டு மேல ஓட்டை வழியா வானத்தைப் பாக்கறப்போ, பாவம், குளிருமேன்னு நெனச்சுப்பேன்.

உர்மத்: ...நெனச்சுப்பியா?

புருலாய்: இந்தா, படம் இப்பத்தான் வருது. பாதி வந்திருக்கு.

உர்மத்: படத்தைப் பாக்காதே. போனை வையி, தயவுபண்ணி.

புருலாய்: பாக்கல. கண்ணை மூடிட்டேன். போதுமா? ...ஒரு பச்சைத் துணி. ஓரத்துல கிழிஞ்சு தைச்சிருக்கும். அது மேல ஒரு ஜோடி வெள்ளித் தோடு, பவளம் வச்சது. இடது தோட்டுல ஒரு சின்ன நசுங்கல். கீழ எழுத்து: 'எங்கம்மா இதை எடுத்து வச்சு ரொம்ப நாளாச்சு. கொண்டு வரலாமா?' அதுக்கும் கீழ பட்டன். அதுலதான் நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். 'மேலும் அறிய.' ஏன்டா, ஒரு பொண்ணுகிட்ட கேக்கற கேள்வியா அது?

உர்மத்: நம்ம இஷ்டத்துக்கு எழுத விடமாட்டான். அவன் குடுக்கறதுல ஒண்ணைத்தான் எடுக்கணும். இன்னொண்ணு 'இப்பவே வாங்குங்கள்'னு இருந்துச்சு. அதுக்கு இது தேவலைன்னு...

புருலாய்: தேவலைதான்.

உர்மத்: அப்ப நீ பாத்தே.

புருலாய்: தெனமும்.

உர்மத்: தெனமும் பாத்துட்டு, ஒரு வார்த்தை சொல்லாம, 'எங்க குதிரை குட்டி போட்டிருக்கு'ன்னு எனக்குச் செய்தி அனுப்பினே.

புருலாய்: குட்டி போட்டுச்சே.

உர்மத்: நான் தூங்கல, தெரியுமா? காலையில எழுந்து முதல் வேலையா அந்தச் சுழியத்தைத்தான் பாப்பேன். ஒரு தடவை அமுக்கியிருக்கலாம். தப்பா விரல் பட்டாக்கூட எனக்குப் போதும். ஏன் அமுக்கல நீ?

புருலாய்: அமுக்கினா போயிடுமே.

உர்மத்: என்ன?

புருலாய்: அண்ணனுக்குப் போன மாதிரி. நீதானே அப்படி வச்சே? ஒரு தடவை அமுக்கிட்டா அப்புறம் எனக்குக் காட்டாது. அதுக்கப்புறம் நான் எதைப் பாக்க இவ்வளவு தூரம் ஏறி வருவேன்? நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிட்டே இருந்தேன். பதில் சொல்லணும்தான்... ஆனா அந்தக் கேள்வி எனக்குத் தீரக்கூடாதுன்னு இருந்துச்சு. யாரும் என்னை இவ்வளவு அழகா எதையும் கேட்டதில்ல. வெள்ளிக்கிழமை ஏறி வந்தேன். இல்ல. இருட்டற வரைக்கும் போன் திரையைத் தள்ளித் தள்ளிப் பாத்தேன். பாலிக்சி சந்தையில உருளைக்கிழங்குன்னு ஒரு விளம்பரம் வருது. உக்காந்து அழுதுட்டேன். உருளைக்கிழங்கைப் பாத்து அழுத ஒரே ஆளு நானாத்தான் இருப்பேன்.

உர்மத்: நான் முட்டாள்.

புருலாய்: முதல் மதிப்பெண் வாங்கின முட்டாள்.

உர்மத்: ஆனா அல்மாட்டி... எழுதிட்டியே.

புருலாய்: எழுதினேன். போவேன். தோடு போட்டவங்களுக்கு அங்க வேலை இல்லைன்னு யாராவது சொன்னாங்களா? பிஷ்கெக்ல இருந்து கார்ல நாலு மணி நேரம். உன்னை மாதிரி விரல் வழுக்கறவனுக்கும் அங்க வேலை கிடைக்கும், தேடு.

உர்மத்: தேடறேன். நாளைக்கே தேடறேன்... புருலாய், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே. நான் பொய் சொன்னேன்.

புருலாய்: ம்.

உர்மத்: டிரைவர் மட்டும் வரல. எங்கம்மா வந்திருக்காங்க. ஓடைக்கு அந்தப் பக்கம் கார்ல உக்காந்திருக்காங்க. சுழியம்னு சொன்னேன், கேக்கல. 'பொண்ணோட மனசைப் போன்ல பாத்தா தெரியும்? நேர்ல போய்க் கேளு, நான் தூரமா இருக்கேன்'னு கிளப்பிட்டாங்க. மேல இருந்து கையைக் காட்டினா வருவாங்க. இல்லைன்னா உங்க வீட்டுக்குத் தெரியாம அப்படியே திரும்பிடலாம்னு... நீ என்ன சொல்றே? காட்டட்டா?

புருலாய்: இந்தக் கல்லுல இருந்து ஓடை நல்லாவே தெரியும்டா, அவங்க வெள்ளை முக்காடும் தெரியுது. குட்டி ஒண்ணும் இழுக்கல, நீ வர்றேன்னு எழுதின அன்னைக்கே நீலக்கல்லைக் கழட்டி வச்சிட்டேன். சீக்கிரம் கையைக் காட்டு, வெறுங்காதுல காத்து சில்லுன்னு அடிக்குது.