யூதாஸுக்கு ஒரு முகம்

மூக்கு வரைவது எளிது, ஐயா. காதுதான் ஆளைப் படுத்தி எடுத்துவிடும். அதனால்தான் நம் பட்டறையில் இருந்து போகிற பரிசுத்தவான்கள் எல்லோருக்கும் காதை மூடுகிற அளவுக்கு முடி இருக்கிறது. முதலாளி நீங்கள், இத்தனை காலம் கவனிக்கவில்லை. பரவாயில்லை.

நடந்ததை ஒன்று விடாமல் சொல்லச் சொன்னீர்கள். மேஜையில் இருக்கிற படத்தைக் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை திருப்பி அனுப்பிய கடைசி இராவுணவு. யூதாஸ் முறைக்கிறான், அவனுக்குக் கீழே உட்கார்ந்து பிள்ளைகள் சாப்பிட மாட்டேன் என்கிறார்கள் என்று புகார். நியாயமான புகார். நான் முறைக்கத்தான் வைத்தேன்.

நம் வேலை முறை உங்களுக்குத் தெரியாததல்ல. இங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. வானம் வரைகிறவர் மேகம். உடை வரைகிறவள் மடிப்பு. நான் முகம். மேகம் முடித்ததும் படம் மடிப்பிடம் போகும். அவள் அங்கிகளை முடித்து என்னிடம் அனுப்புவாள். நான் முகங்களைப் போட்டதும் மேலே மெல்லிய தாளை ஒட்டி நேராகச் சட்டம் போடும் அறைக்கு. ஆக, மடிப்பு நாள் முழுக்கத் தலையில்லாத பரிசுத்தவான்களோடுதான் இருப்பாள். முடிந்த முகம் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. "எனக்கு எல்லாரும் துணி போட்ட ஆளுங்கதான். தலை உங்க பாடு" என்பாள்.

அவளுடைய நீலத்தைப் பார்த்திருக்கிறீர்களே. மாதாவின் முக்காட்டில் அவள் ஒரு நிழலைப் போட்டால், அந்த நிழலுக்குத் தகுந்த முகத்தை நான் போடுவேன். இதைவிட நெருக்கமாக இரண்டு பேர் எப்படிப் பழக முடியும்? எங்களுக்குள் எல்லாம் பேசி முடிந்தது போலத்தான் நான் இருந்தேன். பேசவில்லை என்பது வேறு விஷயம்.

அப்போதுதான் வண்ண அலமாரியின் பூட்டு மக்கர் செய்தது. பூட்டு வேலைக்கு, சாவிக்கடை வைத்திருக்கிற என் தம்பியைக் கூட்டிவந்தது நான்தான். அவனுக்கும் இங்கே பெயர் வைத்தார்கள், சாவி என்று. கால் மணி நேர வேலை. அவன் அதை மூன்று நாள் செய்தான்.

"ஏங்க, இந்த அங்கிக்குப் பை வச்சிருக்கீங்களா?" என்றான் மடிப்பிடம்.

"அப்போஸ்தலருக்குப் பை எதுக்குங்க?"

"வீட்டுச் சாவிய எங்க வைப்பாரு பாவம்?"

அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. சில மாதங்களில் அவர்கள் இரண்டு பேருக்கும் கல்யாணம் நிச்சயமானது. நான்தான் முதலில் வாழ்த்தினேன்.

பிறகு யூதாஸுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. நாம் பார்த்து வரைகிற மூலப்படம் இருக்கிற சுவர் உரிந்து முகங்கள் பாதி போய்விட்டன என்பதால், மீதியை நாம்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது. தம்பியை உட்காரச் சொன்னேன். யோவானாக வரையப் போகிறேன் என்றேன்.

"யோவான்னா யாருண்ணே, நல்லவனா?"

"எல்லாருக்கும் செல்லப்பிள்ளை."

"அப்ப நான்தான்" என்றான்.

ஆனால் அவனுக்கு முறைக்க வரவில்லை. கண்ணைச் சுருக்கச் சொன்னால் சிரித்துவிடுவான். அரை நாள் உட்கார்ந்துவிட்டு, பசிக்கிறது என்று எழுந்து போய்விட்டான். அதனால் பெரிய மோசம் இல்லை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தானே, அதே மூக்கு, அதே தாடை. மீதியைக் கண்ணாடியைப் பார்த்து நிரப்பினேன். அளவுக்காக மட்டும். கீழே மேஜைமேல், காசுப் பைக்குப் பக்கத்தில் ஒரு சாவியையும் வைத்தேன், அது அவன்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராமல் இருக்க.

ஒரு படத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நம் தொழிலில் கெட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. சவுக்கால் அடிக்கிற சேவகனாகவும் அவனைப் போட்டேன். இடது பக்கத்துச் சிலுவையில் ஏசுகிற கள்ளனாகவும் போட்டேன். குழந்தைகளைக் கொல்கிற வீரனாக வரைந்தபோது புருவத்தை நன்றாக இறக்கினேன். கடைசித் தீர்ப்பில் கொம்பும் வைத்தேன், பொருத்தமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ரயில் நிலையத்து உணவகத்துக்கும் ஆளுக்கொரு படம் சும்மா கொடுக்கலாம் என்று நான்தானே யோசனை சொன்னேன். என்ன தாராள மனசு என்று முதுகில் தட்டினீர்கள்.

ஏன் என்று கேட்கிறீர்கள். பூட்டுக்காரனுக்கு மூலதனம் அவன் முகம்தான், ஐயா. வீட்டுச் சாவியை ஒருவர் அந்நியன் கையில் கொடுப்பது அந்த முகத்தைப் பார்த்துத்தான். ஊர் முழுக்கச் சாப்பிடும்போதும் மருந்துக்குக் காத்திருக்கும்போதும் ஒரு துரோகியைப் பார்த்துக்கொண்டே இருந்தால், பிறகு அதே முகம் கடையில் உட்கார்ந்து "குடுங்க, ரெண்டு நிமிஷத்துல வெட்டித் தரேன்" என்றால் யார் கொடுப்பார்கள்? கடை படுக்கும். பெண் வீட்டார் யோசிப்பார்கள். யார்மீதும் நான் கை வைக்கவில்லை. யோவான் என்று சொன்ன முகத்தை ரெண்டு நாற்காலி தள்ளி யூதாஸ் இடத்தில் உட்கார வைத்தேன், அவ்வளவுதான்.

பலனும் கிடைத்தது. மதியத்தில் தம்பி சாப்பிடப் போகும்போது நான் போய்க் கடையைப் பார்த்துக்கொள்வேன். வருகிறவர்கள் பையில் இருந்து சாவியை எடுப்பார்கள், நிமிர்ந்து பார்ப்பார்கள், திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு "அப்புறம் வரேன்" என்று போய்விடுவார்கள். அவன் பெயர் அந்த அளவுக்குக் கெட்டிருந்தது. அவன் இருக்கும்போது எப்படி என்று நான் பார்த்ததில்லை, எனக்கு இங்கே வேலை.

அவனால் எனக்கும் கொஞ்சம் கஷ்டம்தான். பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வருகிறது. மளிகைக்கடைக்காரர் நான் கொடுக்கிற நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு குழந்தை என்னைப் பார்த்து அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அப்படிப்பட்டவனுக்கு அண்ணனாகப் பிறந்தால் இதெல்லாம் உண்டு. அம்மாவோ சமையலறையில் மாட்டியிருக்கிற படத்தைப் பார்த்து, "ஏண்டா பெரியவனே, முறைக்கிற, கல்யாண வீட்ல சிரிச்ச முகமா இரு" என்கிறாள். அவளுக்குக் கண்ணில் புரை.

எனவே ஒப்புக்கொள்கிறேன். தம்பியின் முகத்தை ஊர் வெறுக்க வேண்டும், மடிப்பு அவனை விட்டுவிட வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தேன். அடுத்த வாரம் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை தலைக்கு மேலே மாட்டுவதற்குச் சுவரளவுக்கு ஒரு படமும் வரைந்து வைத்திருக்கிறேன். முகத்தை முதன்முதலாக அவள் அங்கே பார்க்கட்டும், அவனையும் அதையும் சேர்த்து. வருத்தம் இல்லை.

அவர்கள் இரண்டு பேரும் பத்திரிகை வைக்க வந்து வெளியே நிற்கிறார்கள். அதோ, நம் காவலாளி முழுச் சாவிக்கொத்தையும் அவன் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார். அவர் படம் பார்க்கிற ஆள் இல்லை.

நீங்கள் ஏன் ஐயா படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறீர்கள்? அவன் வெளியே இருக்கிறான். கூப்பிட்டு, பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.