கொடியில் காய்ந்த பச்சைக் கொடி

என் பெயர் ராயப்பன். தகப்பனார் பெயர் சவரிமுத்து. வயது 48. தென்னாற்காடு ஜில்லா, திண்டிவனம் தாலுகா, கூட்டேரிப்பட்டில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். ஊருக்கு மேற்கே கல்குவாரிக்காக வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட சின்ன ரயிலில் பத்தொன்பது வருடமாக நான் டிரைவர், ராஜாமணி கார்டு. குவாரி மூடி எட்டு வருடம் ஆகிறது. முதலாளி சாந்திராஜ் நயினார் பழைய இன்ஜினை இரும்புக்குப் போட மனமில்லாமல் வைத்திருந்து, விசேஷ நாட்களில் ஜனங்களை ஏற்றி ஒரு மைல் ஓட்டிக் காட்டுவார்.

16-1-1966 அன்று சம்பவ இடத்தில் நான் போலீசாரிடம் சொன்னது பொய். அதை மாற்றிச் சொல்லவே இப்போது போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். என்னை யாரும் மிரட்டவில்லை.

அன்று காணும் பொங்கல். திண்டிவனம், விழுப்புரம் வாலிபர்கள் சேர்ந்து எங்கள் ரயிலில் பாட்டு விழா வைத்திருந்தார்கள். அவர்கள் சினிமாப் பாட்டு பாடமாட்டார்களாம். சொந்தமாகக் கட்டிய பாட்டைத்தான் கிதார், பாங்கோ மேளம் வைத்துப் பாடுவார்களாம். அதனால் எந்தத் திருவிழாக் கமிட்டியும் அவர்களுக்கு மேடை கொடுக்கவில்லை, நயினார் கொடுத்தார். கடைசியில் இருந்த திறந்த வேகன்தான் மேடை. அந்தப் பாட்டு என் காதுக்கு ஒத்துவரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளலாம். நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கார்டு பச்சைக் கொடி காட்டுவதை டிரைவர் கண்ணால் பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும் என்பது விதி. ராஜாமணி முன்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். கொடி காட்டும்போதே 'ரைட்' என்று குரல் கொடுப்பார். நாளடைவில் நான் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். 'ரைட்' கேட்டால் எடுப்பேன், 'ஹோல்டான்' கேட்டால் நிறுத்துவேன். அன்று காலை முதல் நான்கு நடை அப்படித்தான் ஓட்டினேன்.

அதன் பிறகு மாலை சுமார் நாலு மணிக்கு, கிதார் வாசிக்கும் சீனுவாசன் இன்ஜினிடம் வந்து, "அண்ணே, வெயில் மூஞ்சிலியே அடிக்குது. பத்தடி நவுத்துனா மேடைக்கு நெழல் வந்துடும்" என்றார். கார்டு சொல்லட்டும் என்றேன். அவர் கார்டிடம் கேட்கப் பின்னால் போனார். நான் கைப்பிடியில் கை வைத்துக் காத்திருந்தேன். மைக்செட் குழாய் ஒன்றை என் தலைக்கு நேரே புளியமரத்தில் கட்டியிருந்தார்கள். அதில் "ஹலோ, ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்று கேட்டது. அதன் பிறகு "ரைட்" என்று கேட்டது. நான் வண்டியை எடுத்தேன்.

உடனே பின்னால் அலறல் கேட்டது. "ஹோல்டான், ஹோல்டான்" என்று ராஜாமணி கத்தினார். வண்டி ஆறடி நகர்ந்து நின்றது. இறங்கி ஓடிப் பார்த்தேன். பாங்கோ வாசிக்கும் முத்துசாமி, வயது 22, சக்கரத்தருகே சிக்கிய மைக் ஒயரை எடுக்க மேடை வேகனுக்கு அடியில் போயிருக்கிறார். அவருடைய இடது பாதம் நசுங்கியிருந்தது. ராஜாமணியின் கையில் சிவப்புக் கொடி விரித்தபடி இருந்தது. அதை நான் நன்றாகப் பார்த்தேன். ஒயர் சரியாகிவிட்டது என்பதற்கு மைக்செட்காரர் சொன்ன 'ரைட்' அது என்று பிறகுதான் தெரிந்தது. அவர் மேல் தப்பில்லை.

அதன் பிறகு போலீசார் வந்து கேட்டபோது, கார்டு பச்சைக் கொடி காட்டினார் என்று சொன்னேன். ஜெயிலுக்குப் பயந்து சொன்னேன். ராஜாமணியைக் கைது செய்தார்கள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

18-ஆம் தேதி காலை அவருடைய மனைவி காந்திமதி, ஒரு துணியை மடித்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "பச்சைக் கொடி எங்க வூட்டுக் கொடியிலேயே காஞ்சிக்கினு இருந்துச்சுண்ணே. போகிக்குத் துவைச்சுப் போட்டேன், எடுத்துக்கினு போக மறந்துட்டாரு. இதைச் சொன்னா அவரை வுட்டுடுவாங்களா?" என்று கேட்டார். அப்போதுதான், அன்று நான்கு நடையிலும் பச்சைக் கொடியே இல்லை, அவரும் வெறும் குரலோடு விட்டிருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அதை வாங்கி, என் டிரங்குப் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அவர் என்னை நம்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இன்று காலை சப்ஜெயிலில் ராஜாமணியைப் பார்த்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர், "நீங்க பச்சை பார்த்தேன்னா நான்தான் காட்டியிருப்பேன் அண்ணே. ஏதோ நெனப்புலே கை மாறிப் பூடுச்சு போலருக்கு" என்றார். அந்த மனுஷர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அதன் பிறகு வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, கொடியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி இங்கே வந்தேன். வழியில் கண்டக்டர் 'ரைட்' சொன்னபோதெல்லாம் என் வலது கை தானாக அசைந்தது. கொடியை ஆய்வாளர் அவர்களிடம் ஒப்படைத்துவிட்டேன். ராஜாமணி காட்டியது சிவப்பு. பார்க்காமல் வண்டியை எடுத்தவன் நான்.

இதை எனக்கு முழுதும் படித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. எல்லாம் சரிதானா என்று ஆய்வாளர் கேட்டார். வாய் வரைக்கும் 'ரைட்' வந்துவிட்டது. அதைச் சொல்லாமல், காகிதத்தை வாங்கி வரி வரியாக என் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) ச. ராயப்பன்
20-1-1966, திண்டிவனம்