கடைசியாக வருகிறவன்

கல்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் அக்கா தங்கைபோல இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நேத்தும் கடைசியா வந்தவன் தப்பிட்டான் ராத்தா," என்றாள் இளையவள்.

"ஆரு?"

"டிவியில மூணு கிழமையா ஓடுற சைக்கிள் ரேஸில. நேரத்துக்குள்ள வராட்டி வெளியாக்கிருவாங்க."

"அதையா பாக்குற? ஒவ்வொரு வருஷமும் ஒரே டீம்தானே வெல்லுது. அலுப்பில்லையா?"

"முன்னுக்குப் போறவனுகளப் பாத்தா அலுப்புத்தான். எனக்கு இவன்தான். ரேஸ முடிச்சிட்டான் எண்டா பாற்சோறு ஆக்கிப் பள்ளிவாசல்ல நார்சாவாப் பங்கு வெச்சுக் குடுக்குறதா நேந்திரிக்கேன்."

பஸ் பாலாவியைத் தாண்டும்போது மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"எத்தினை பேருக்கு?"

"முழு மஹல்லாக்கும். எல்லா வூட்டுக்கும்."

"அப்ப பாலுக்குத் தேங்காய் நான் தாறேன். அவன மட்டும் நேரத்துக்கு வரச் சொல்லு."