இடப்பக்க லாரிக்கு ஒரு செயின்

முதலில் உங்கள் ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் சார். காலையில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்தபோது கவனித்தேன். முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருக்கின்றன. அலைன்மெண்ட் போய்விட்டது. இதற்காக மதுரைக்குக் கொண்டுபோக வேண்டாம், ராஜபாளையத்திலேயே நன்றாகச் செய்து தருவார்கள். நானே செய்து தர ஆசைதான். இதை நீங்கள் எழுதி முடித்த பிறகு என்னை எங்கே அனுப்புவீர்களோ தெரியாது.

என் பெயர் யதிராஜன். வயது ஐம்பத்திரண்டு. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், பட்டறை ராஜபாளையத்தில். லாரி ஸ்டீயரிங் வேலை மட்டும்தான் செய்வேன். எங்கள் குடும்பம் ஆண்டாள் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற குடும்பம். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வரலாம். தேர் எந்தப் பக்கம் திரும்புவது என்பதைச் சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகுகிறவன்தான் முடிவு செய்கிறான். ஆண்டாளுக்கே ஸ்டீயரிங் பார்த்தவர்கள் நாங்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அவள் கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை.

சோழபுரம் ஜனார்த்தன் முதலாளி தேங்காய் வியாபாரி. மூன்று வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் ஒரு வெளிநாட்டு லாரியை ஏலத்தில் எடுத்தார். காற்றாலை வேலைக்காகக் கப்பலில் வந்து, வேலை முடிந்ததும் கைவிடப்பட்ட வண்டி. ஸ்டீயரிங் இடப்பக்கம். அதை அப்படியே நம் ரோட்டில் ஓட்டினால், முந்தும்போது எதிரே என்ன வருகிறதென்று எட்டிப் பார்க்கப் பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைக்க வேண்டும். வலப்பக்கம் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார்.

மாற்ற இரண்டு வழி உண்டு. என் வழியில், ஸ்டீயரிங் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கடத்துகிற பாக்ஸைக் கழற்றிவிட்டு வலப்பக்கத்துக்கான வேறு பாக்ஸ் வாங்கி, சேஸிஸில் புது பிராக்கெட் அடித்து, சக்கரத்தைத் திருப்புகிற ராடு முதல் பெடல் வரை எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டும். இரண்டு மாதம் ஆகும். ஸ்ரீவில்லிபுத்தூர் மெக்கானிக் சாதிக் பாட்சாவின் வழியில், பாக்ஸ் பழைய இடத்திலேயே கிடக்கும். டாஷ்போர்டுக்குப் பின்னால் இடப்பக்கம் ஒரு பல்சக்கரம், வலப்பக்கம் இடம் மாறிய ஸ்டீயரிங்கோடு ஒரு பல்சக்கரம், இரண்டையும் இணைத்து ஒரு செயின். சைக்கிள் ஓடுகிற மாதிரிதான். பத்து நாளில் முடிந்துவிடும். முதலாளி வண்டியைச் சாதிக்கிடம் கொடுத்தார்.

எனக்குப் பொறாமை கிடையாது. ஆனாலும் தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது பாவம். டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் சொன்னேன்: "எழுதி வச்சுக்கோங்க. ஆறு மாசம் தாங்காது. ஒருநா செயின் கழறும், வண்டி அது இஷ்டத்துக்குப் போகும்."

ஆறு மாதம் ஆயிற்று. சாதிக்கிடமிருந்து கால் கிலோ பால்கோவா வந்தது. பெட்டியின் மேல் "செயினுக்கு அரையாண்டு நிறைவு" என்று எழுதியிருந்தார். பால்கோவா மேல் எனக்கு என்ன கோபம், சாப்பிட்டேன். அடுத்த அரையாண்டுக்கு இன்னொரு பெட்டி. இப்படி ஐந்து பெட்டி வந்தது. பஸ் ஸ்டாண்ட் வரை எனக்குப் பால்கோவா மெக்கானிக் என்று பெயராகிவிட்டது. ஒரு டிரைவரிடம் ஸ்டீயரிங் ராடு முனையில் இருக்கிற பால் ஜாயிண்ட் போய்விட்டது, மாற்று என்று சொன்னால், அதுவும் ஆறு மாசம்தானா அண்ணாச்சி என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துப் போனான்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். என் பேச்சை மதிக்காமல் எத்தனை வண்டிகள் ரோட்டில் ஓடுகின்றன. அதில் எத்தனை பேர் சாவார்கள். அந்தச் செயின் ஒரே ஒருமுறை கழன்றால் போதும், எல்லோரும் என் சொல்லைக் கேட்பார்கள், பத்து உயிர் பிழைக்கும். நான் கணக்கில் கெட்டிக்காரன் இல்லை, ஆனாலும் ஒன்றைவிடப் பத்து பெரிது என்பது தெரியும்.

அந்த லாரியின் டிரைவர் கருத்தையா, கூமாப்பட்டிக்காரன். தங்கமான ஆள். இந்த வட்டாரத்தில் என் வார்த்தையைக் கடைசிவரை நம்பிய ஒரே மனிதன் அவன்தான். நான் சொன்னதற்குப் பயந்து மூன்று வருஷமும் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. மாட்டு வண்டிக்காரர்கள் அவனுக்கு ஹாரன் அடிக்காத குறை. போன மாதம் ஒரு மத்தியானம் லாரியோடு என் பட்டறைக்கே வந்துவிட்டான்.

"அண்ணாச்சி, ஸ்டீயரிங்கப் புடிச்சாலே கை வேர்க்கு. நீங்களே ஒருக்கா பாத்துச் சொல்லுங்க. நீங்க சரின்னுட்டா எனக்கு அது போதும்" என்றான்.

டாஷ்போர்டைத் திறந்து பார்த்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும். செயினில் தேய்மானம் இல்லை, தொய்வு இல்லை, எண்ணெய் பக்குவமாக இருந்தது. இன்னும் பத்து வருஷம் ஓடும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

செயினின் இரண்டு முனையும் சேருகிற இடத்தில் கொண்டை ஊசி மாதிரி சின்னதாக ஒரு லாக் இருக்கும். உங்கள் பைக் செயினிலும் இருக்கும், பாருங்கள். அதை எடுத்துவிட்டால் செயின் உடனே கழறாது. அந்த இடத்தில் இருக்கிற தகடு மெல்ல மெல்ல நகர்ந்து வெளியே வரும். அந்த லாக்கை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கருத்தையா அப்போது என் பெஞ்சில் உட்கார்ந்து தூக்குவாளியிலிருந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்கும் ஒரு கை அள்ளி வைத்தான். சாப்பிட்டேன்.

பிறகு ஒரு விஷயம் உறைத்தது. முப்பதில் போகிறவனுக்குச் செயின் கழன்றால் வண்டி ரோட்டோரம் போய்ச் சும்மா நிற்கும். சாதிக் ஒரு புது லாக் போட்டுவிட்டுப் பால்கோவாவும் அனுப்புவார். அதனால் கிளம்பும்போது கருத்தையாவின் தோளில் தட்டிக்கொடுத்தேன்.

"செயின் ஜம்முனு இருக்குலே. நான் சொன்னதுதான் தப்பு. இனிமே தைரியமா அறுபதுல போ."

அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, கூமாப்பட்டியைத் தாண்டிய வளைவில், லாரி வளையாமல் நேரே கண்மாய்க்குள் போயிற்று. இந்த வருஷம் நல்ல மழை, கண்மாய் நிறைந்திருந்தது. செய்தி கேட்டு பஸ் பிடித்துப் போனேன். தண்ணீர் முழுக்கத் தேங்காய் மிதந்தது. பாதிப்பேர் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள், மீதிப்பேர் கருத்தையாவின் உடலைக் கேபினிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன், அது நிஜம். கரையில் நின்று, யதிராஜன் அன்றைக்கே சொன்னாரே என்று யாராவது சொல்வார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், அதுவும் நிஜம்.

ஒருவரும் சொல்லவில்லை. வண்டியைச் சோதித்த அதிகாரி, டிரைவர் தூங்கிவிட்டார், கண்மாய்க்குள் பாய்ந்த வேகத்தில்தான் செயின் கழன்றது, மற்றபடி வேலை சுத்தம் என்று எழுதிவிட்டார். சுத்தம் என்ற வார்த்தையை நானே படித்தேன்.

கருத்தையாவின் மனைவி மாரிக்கனி பட்டறைக்கு வந்தாள். "அவிய தூங்குற ஆளில்ல அண்ணாச்சி. குடிச்சுட்டு ஓட்டுனாவன்னு ஊரே பேசுது. பிள்ளையெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேங்கு. செயின் ஆகாதுன்னு நீங்க ஒருத்தர்தான சொன்னிய, போலீஸ்ல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க" என்று கேட்டாள். பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். அது நடந்து இரண்டு வாரம் ஆகிறது.

நேற்று சாதிக் வந்தார். கையில் பெட்டி எதுவும் இல்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தார். "யதிராஜா, நீ சொன்னது பலிச்சுருச்சோன்னு ஒரு வாரம் எனக்குச் சோறு எறங்கல. செயின்ல குத்தம் இல்லன்னு எழுதிட்டாவ. நீ சொன்னது தப்பாப் போச்சுய்யா, அல்லாவுக்கு நன்றி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இரவு முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. மாரிக்கனிக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று தோன்றியது. காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன்.

இந்தாருங்கள், அந்த லாக். கருத்தையா தூங்கவில்லை, குடிக்கவில்லை என்று எழுதுங்கள். லாக்கை எடுத்ததும் வேகமாகப் போகச் சொன்னதும் நான்தான் என்றும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் செயின் கழன்றதால்தான் வண்டி போயிற்று என்பது முதல் வரியாக இருக்க வேண்டும். என் வழியில் அந்த லாரியை மாற்றியிருந்தால் நான் கழற்றுவதற்கு அங்கே செயினே இருந்திருக்காது, கருத்தையாவும் உயிரோடு இருந்திருப்பான். இதற்கு என்ன சொல்கிறார் என்று சாதிக்கையும் கூப்பிட்டுக் கேளுங்கள் சார்.