செல்லக்கிளி கொடுத்த தண்ணீர்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுங்களா. ஒருத்தி மட்டும் வாசலைப் பார்த்து உட்காரட்டும். செல்லக்கிளி கேன்டீனில் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட வேண்டும்.

பச்சை முட்டையைக் குமட்டாமல் குடிக்க வைக்க வழி உண்டு. மிளகைப் பொடித்துத் தூவி, மூச்சை அடக்கச் சொல்லி, ஒரே மடக்காக ஊற்ற வேண்டும். என் தம்பி பழனிவேலுக்குத் தினம் ஆறு முட்டை அப்படித்தான் கொடுத்தேன்.

ஏழு வருஷம் ஆகிறது. எங்கள் ஊர் நிலக்கரி மைன்ஸுக்குள் போய்விட்டிருந்தது. புருஷன் போன பிறகு தம்பியோடுதான் இருந்தேன். நான், அவன், அவன் பெண்சாதி செல்லக்கிளி, மூன்று பேரும் ராயப்பன் என்கிற தூத்துக்குடிக்காரருடைய குவார்ட்டர்ஸின் பின்னறையில் ஒண்டியிருந்தோம். தம்பி அதே மைன்ஸில் கான்ட்ராக்ட் கூலி. ராயப்பன் அவனுக்குப் பளு தூக்கச் சொல்லிக்கொடுத்தார். கம்பெனிப் போட்டியில் ஜெயித்தால் பர்மனன்ட் ஆக்குவார்கள் என்று பேச்சு. பர்மனன்ட் ஆனால் எங்களுக்கென்று ஒரு குவார்ட்டர்ஸ். நான் பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை. என் சாவிக்குத் திறக்கிற ஒரு கதவு வேண்டும், அவ்வளவுதான்.

முட்டை, ஊறவைத்த கொண்டைக்கடலை, காடாம்புலியூர் முந்திரி, ஆட்டுக்கால் சூப். ராயப்பன் மருந்துக்கடையிலிருந்து சத்துமாவு டப்பா ஒன்றும் கொண்டுவந்தார்.

"யக்கா, பயிற்சி முடிஞ்ச சூட்டோட தண்ணி குடுத்துராதீய. தசை ஊறிப்போவும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடுங்க."

அவர் ஒரு மணி நேரம்தான் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கே இவ்வளவு பலன் என்றால் பொழுது சாயும்வரை பொறுத்தால் எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டேன். டப்பாவோடு வந்த காகிதத்தில் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருந்தது. எங்கள் மூன்று பேரில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான். அது நோயாளிகளுக்குச் சொன்னது என்று அடுப்பில் போட்டேன்.

சித்திரை வெயில். போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது அவன் பாயை விட்டு எழவில்லை.

"அக்கா, தொட ரெண்டும் கல்லாட்டம் இருக்குது. ரெண்டு நாளு வுட்டுடு."

"நீ படுத்துகினு இருந்தா பர்மனன்ட்டும் வந்து பக்கத்துல படுத்துக்குமாடா?"

சிரித்துக்கொண்டே எழுந்து போனான். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை.

மறுநாள் கக்கூஸ் கழுவப் போனேன். குவார்ட்டர்ஸில் வெள்ளைப் பீங்கான் பதித்திருப்பார்கள் இல்லையா, அதில் அவன் ஒன்றுக்குப் போனது கடுங்காப்பி நிறத்தில் கிடந்தது. ஊரில் காட்டுப்பக்கம் போகிறவனாக இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இங்கேயும் தெரியக்கூடாது என்று இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். குடிக்கத் தராத தண்ணீரை அதற்கு ஊற்றினேன்.

அதற்கு அடுத்த நாள் அவன் வாந்தி எடுத்தான். ராயப்பன் டாக்டரிடம் கூட்டிப்போனார். நானும் போனேன். ஒன்றுக்கு என்ன நிறத்தில் போகிறது என்று டாக்டர் கேட்டார். தம்பி வாயைத் திறப்பதற்குள், "அதெல்லாம் நல்லாத்தான் போறான்ங்க" என்றேன். அன்ஃபிட் என்று எழுதிவிட்டால் என்ன செய்வது? டாக்டர் செரிமானத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

அன்று மத்தியானம் செல்லக்கிளி முந்தானைக்குள் ஒரு சொம்பை மறைத்துக் கொண்டுபோனதைப் பார்த்தேன்.

"அண்ணி, நாக்கு வறண்டு கெடக்குதுங்க. ஒரு வாய்தாங்க குடுத்தேன்."

நான் திட்டவில்லை. சொம்பை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். போட்டி நாளன்று விடியற்காலம் அவன் போய்விட்டான். டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "தசை சிதைஞ்சு சிறுநீரகத்தை அடைச்சிருக்கும்மா. நிறம் மாறினப்பவே சொல்லியிருந்தா, தண்ணி நிறையக் குடுத்திருந்தா, பொழைச்சிருப்பான்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். செல்லக்கிளி ஓடிவந்து என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"ஒடம்பு சூட்டுல தண்ணி குடிச்சதுதான் காரணம்னாரு" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. சொன்ன பிறகு யோசித்தேன். திருத்தவில்லை.

அவளுக்குக் கேன்டீனில் வேலை கிடைத்தது, பர்மனன்ட் ஆனது, இந்தக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. சாவியை என் இடுப்பில் அவளே செருகினாள். சம்பள நாளில் எனக்குப் புடவை எடுத்து வருகிறாள். சோறு முதலில் எனக்கு. தான் கொன்றவனுடைய அக்காவுக்குச் செய்கிறாள்.

இன்று அவனுக்குத் திவசம். காலையில் படையல் போட்டுவிட்டு, வருஷா வருஷம் போல என் காலில் விழுந்தாள். "என்னை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணி." அவள் மனசு ஆறட்டும் என்றுதான், "மன்னிச்சிட்டேன், எழுந்திரு" என்று சொன்னேன். ஏழு வருஷமாக அவளை நான் நோகவிட்டதில்லை.

அவளிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள். பாவம், தாங்கமாட்டாள்.

அதோ, கேட் திறக்கிற சத்தம். போய் வாருங்கள். உங்கள் வூடுகளில் தப்பு செய்யாதவள் யாரும் யார் காலிலும் விழாமல் இருக்கட்டும். நல்லா இருங்கள்.