பதினோராம் தூண்

படத்தில் மீன் இருந்தால் அழித்துவிட வேண்டும், இந்த வேலையில் எனக்குச் சொல்லித் தந்த முதல் விதி அதுதான் சார்.

அணை கட்டியபோது மூழ்கிப்போன கோயில் அது. முக்குளிப்பவர்கள் கீழே போய் ஆயிரக்கணக்கில் படம் எடுத்து வருவார்கள். மைசூர் அலுவலகத்தில் நான் அவற்றைக் கணினியில் இணைத்துக் கோயிலை எழுப்புவேன். வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் நனையாமல் உள்ளே நடக்கலாம். மீன், கிழிந்த வலை, முக்குளிப்பவரின் நிழல் எல்லாவற்றையும் அழிப்போம். இன்னொரு விதியும் உண்டு. கீழே இருக்கும் எதையும் மேலே எடுக்கக் கூடாது. இருந்த இடத்தில் இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு.

என் மகன் அருண்ராஜ் போன ஆடியில் அந்த நீரில்தான் பரிசல் கவிழ்ந்து போனான். பத்தொன்பது வயது. ஐந்து நாள் தேடியும் உடல் கிடைக்கவில்லை. என் மனைவி வடிவு காரியம் செய்ய விடவில்லை. மார்டள்ளியிலிருந்து அவள் அண்ணன் வந்து எடுத்துச் சொன்னார். "எங்காச்சும் கரையேறி இருப்பான். நீ காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்புண்ணா" என்றாள்.

கார்த்திகையில் வந்த படங்களில் கலங்கலை நீக்கி வெளிச்சம் கூட்டினேன். பதினோராம் தூணுக்குப் பின்னால், வலையில் சிக்கி அவன் இருந்தான். முக்குளித்தவர்களுக்கு அந்த இடம் வெறும் இருட்டாகத் தெரிந்திருக்கும். நீலச் சட்டை நான் எடுத்துக் கொடுத்தது.

அவன் இருக்கும்படியே ஒரு பிரதி எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டு, அலுவலகப் படத்திலிருந்து அவனை அழித்தேன். இருபது நிமிட வேலை.

எங்கள் குழுத் தலைவர் கிரண் பார்த்துவிட்டு, "ஒந்து மீனூ இல்லா சார், க்ளீன்" என்று கன்னடத்தில் பாராட்டினார், ஒரு மீன்கூட இல்லையாம்.

கண்காட்சி திறந்த அன்று வடிவும் வந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தூண் தூணாகத் தடவுவதுபோல் கையை நீட்டி நடந்தாள். மேசையில் இடித்துக்கொள்ளாமல் அவள் தோளைப் பிடித்திருந்தேன்.

"ஏனுங்க, இங்க யாருமே இல்லீங்களே?"

"இல்ல."

"அப்ப வந்துருவான்." அவள் முகம் தெளிந்தது. அந்த முகத்திடம் என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள்.

அதன்பின் ஆறு மாதம், நஞ்சன்கூடு, குண்டலுபேட்டை என்று பஸ் பஸ்ஸாக ஏறி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அவன் படத்தைக் காட்டிக் கேட்டாள். நான் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புவேன். அவள் தெருமுனை தாண்டியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தப் பிரதிக்குள் அவன் பக்கத்தில் போய் உட்காருவேன். அங்கே அமைதியாக இருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். என் தலையிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டாள். நீலச் சட்டை தெரிந்த பக்கம் கையை நீட்டினாள்.

"எம்பட பையன நீ மட்டும் பாத்துட்டு இருந்தியா?" என்றாள். நேரே ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தாள்.

நேற்று அவனை மேலே எடுத்தீர்கள். வலையை அறுக்கும்போது தூணில் ஒரு சிற்பத்தின் கை உடைந்துவிட்டதாம். கொஞ்சம் பார்த்துச் செய்திருக்கலாம்.

பெற்றவளின் நம்பிக்கையை உடைக்க மனமில்லாமல் மறைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வழக்கு முடிந்ததும் அந்தப் பிரதியை என்னிடமே தந்துவிடுங்கள் சார். வடிவிடம் கொடுக்க வேண்டாம்.