தோர்ன்கோட் மாளிகையின் மழை

அன்றைக்குத் தேநீருக்கு இருந்தவர்கள்: மிஸ் லெட்டிஸ் ஆஷ்கோம், அவளுடைய தம்பி மகன் ரூபர்ட், பாதிரி என்று பெயர் வைக்கப்பட்ட கிழட்டு நாய், வீட்டுக் காவலாளியான நான். மழையையும் சேர்க்க வேண்டும். எங்களுக்கு முன்பே அது வாளிகளில் வந்து உட்கார்ந்திருந்தது.

வீடு எப்படிப் பாழானது என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். ஊரில் சாபம் என்பார்கள். எந்தச் சாபமும் ஏணி வைத்து ஏறி ஓடு பிரிக்காது. நான் பிரித்தேன்.

முதல் ஆஷ்கோம் ஆடு திருடிப் பணக்காரன் ஆனான். அடுத்தவன் அதைக் கம்பளி வியாபாரம் என்று மாற்றிச் சொல்லிக்கொண்டான். ஒரு ராஜா ஓரிரவு தங்கி, படுக்கையை நனைத்துவிட்டுப் போனாராம். போரின்போது தங்கிய நம் பட்டாளத்துக்காரர்கள் மாடிப்படிக் கைப்பிடியை எரித்துக் குளிர் காய்ந்தார்கள். ஊர் அதையும் ஜெர்மானியர் கணக்கில் எழுதியது. சரித்திரம் இவ்வளவுதான். மிச்சம் நான்.

லெட்டிஸ் அங்கே குடியிருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது, அதற்குப் பிறகு அது ரூபர்ட்டுக்கு என்பது அவள் அப்பா எழுதிய உயில். குடியிருக்க லாயக்கில்லாமல் போனால் கிழவி தானாகவே கிளம்பிவிடுவாள் என்றான் ரூபர்ட். வெளிவாசலில் இருக்கும் சின்ன வீட்டை எனக்கு எழுதித் தருவதாகச் சொன்னான். அது ஒழுகாது.

கஷ்டமான வேலை இல்லை. மேகம் கறுத்தால் மாடி ஜன்னல்களைத் திறந்துவைப்பேன். குளிர்காலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஓடுகளை எடுப்பேன். அவள் அறை அறையாக நகர்ந்து, கடைசியில் சமையலறை அடுப்போரம் கட்டில் போட்டுக்கொண்டாள். கிளம்பத்தான் இல்லை.

"அத்தை, செல்ட்டன்ஹாம்ல நல்ல முதியோர் இல்லம் இருக்கு. குழாயைத் திறந்தா வெந்நீர் வரும்," என்றான் ரூபர்ட் அன்று.

"இங்கயும்தான் வருது. கூரையிலேர்ந்து வர்றதால கொஞ்சம் ஆறிப்போயிடுது."

"தலைல உத்தரம் விழுந்தா?"

"விழுந்தா உனக்குத்தானே லாபம்? கேக்கைத் தின்னு. மூஞ்சியைத் தொங்கப் போடாதே."

பிறகு சாவகாசமாகச் சொன்னாள். "திங்கட்கிழமை கூரைக்காரங்க வர்றாங்க. நீல அறையில தொங்குறாரே ஆட்டுத் திருடர், அவர் படத்தை ஒருத்தன் வாங்கிக்கிறானாம். முதல் தடவையா குடும்பத்துக்கு உழைக்கப்போறார்."

ரூபர்ட் என்னைப் பார்த்தான். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கூரை சரியானால் எனக்கு வீடு இல்லை. அதை அவன் வாயால் சொல்ல வேண்டியதில்லை.

"கிளட்டர்பக், வா. படத்தை இறக்கணும்," என்று என்னைக் கூப்பிட்டாள்.

நீல அறைக்கு மேலே இருக்கும் தளத்தில்தான் வருடக்கணக்காக நான் வாளித் தண்ணீரைக் கொட்டிவந்தேன். அறையின் உட்கூரை ஊறி வயிறு தள்ளி நின்றது. அவள் வாசலில் தயங்கினாள்.

"தாங்குமாப்பா? மேல ஏறுறவன் நீதான்."

"முந்நூறு வருஷமாத் தாங்குது, மிஸ்."

இதில் பொய் இல்லை, பாருங்கள்.

"நீ சொன்னா சரி."

நாய் அவள் பின்னாலேயே போகப் பார்த்தது. கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். மிருகங்கள் கஷ்டப்படுவதை என்னால் பார்க்க முடியாது.

உத்தரம் மறுநாள் காலையில்தான் இறங்கியது என்கிறார்கள் உங்கள் ஆட்கள். அதுவரை அவள் கதவைத் தட்டினாளா என்று கேட்கிறீர்கள். ஏதோ சத்தம் கேட்டது. மழை என்று நினைத்தேன்.

அவளைக் கொன்றது வீடு. நான் அவள் மேல் ஒரு விரலும் வைக்கவில்லை, எழுதிக்கொள்ளுங்கள். காற்று வருகிறது, கதவைச் சாத்து என்று எத்தனை வருடம் என்னைத் திட்டியிருப்பாள். அன்று ஒருநாள் சொன்னபடி கேட்டேன். அவள் உள்ளே போனதும், சத்தமில்லாமல் கதவைச் சாத்தி, வெளியே பூட்டினேன்.